வைத்தியசாலை திருப்பித் தந்த மிகுதிப் பணத்துக்கு மகன் வரி கட்ட வேண்டுமா?

கேள்வி: மகன் அமெரிக்காவில் வேலை செய்கிறார். லீவில் கொழும்புக்கு வந்திருந்த மருமகளுக்குப் பித்தப்பையில் கல் என்று அவசரமாகச் சத்திரசிகிச்சை செய்தோம். வைத்தியசாலை கேட்ட 6 இலட்சம் ரூபா முற்பணத்தை மகன் அனுப்பிவிட்டு, அந்தத் தொகையைத் தன் எச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டார். பில் போக மிச்சம் 1 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவை என் கையில் தந்தார்கள். இதற்கு அவருக்கு வரி வருமா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: அம்மா, அந்தக் காசை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிடாதீர்கள். மனைவியின் சிகிச்சை வெளிநாட்டில் நடந்தாலும் எச்எஸ்ஏ பணத்தை அதற்கு வரியில்லாமல் எடுக்கலாம், ஆனால் உண்மையில் செலவான தொகைக்கு மட்டும்தான். திரும்பி வந்ததை அப்படியே வைத்துக்கொண்டால் அது அவருடைய அமெரிக்க வருமானத்தோடு சேரும், அவருக்கு 65 வயது ஆகவில்லையென்றால் மேலதிகமாக 20 சதவீத வரியும் விழும்.

தப்ப இரண்டு வழி உண்டு. அந்தக் கணக்கு தொடங்கிய பிறகு வந்த வேறு மருத்துவச் செலவை, பல்லுக்கோ கண்ணாடிக்கோ, சொந்தப் பணத்தில் கட்டி வேறெங்கும் மீளப்பெறாமல் இருந்தால், எடுத்த மிகுதியை அதற்கு ஈடாகக் காட்டலாம், பற்றுச்சீட்டு மட்டும் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பணத்தைக் கணக்கிலேயே திருப்பிப் போடலாம். கூடுதலாக எடுத்தது தெரியவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு ஏப்ரல் 15 வரை அதற்கு அவகாசம் உண்டு. ஆனால் சும்மா அனுப்பினால் கணக்கை நடத்தும் நிறுவனம் அதைப் புதிய வைப்பாகப் பதிந்துவிடும், பிறகு ஆண்டு வரம்பு தாண்டியது என்று இன்னொரு சிக்கல் வரும். ஆகவே தவறுதலாக எடுத்ததைத் திருப்பிச் செலுத்துகிறேன் என்று அவர்களுடைய படிவத்தில் எழுதித்தான் அனுப்ப வேண்டும். ஏற்றுக்கொள்ள அவர்களுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை, அதனால் முதலில் கேட்கச் சொல்லுங்கள். வரிக் கணக்கில் இதெல்லாம் 8889 என்ற படிவத்தில் வரும்.

நீங்கள் செய்ய வேண்டியது, முற்பண ரசீது, இறுதி பில், மிகுதி தந்த சீட்டு மூன்றையும் படமெடுத்து இன்றைக்கே அவருக்கு அனுப்புவது. சரி, இங்கே உங்களுக்கு வரி ஏதும் இல்லை, மகனின் பணம்தானே திரும்பி வந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். நாளைக்கு உங்களுக்கு ஒரு வைத்தியச் செலவு வந்தால் மகன் இந்தக் கணக்கைத் தொடக்கூடாது. அமெரிக்கக் குடியுரிமையோ வதிவிடமோ இல்லாமல் இலங்கையில் வாழும் பெற்றோர் அந்த நாட்டு வரிச்சட்டத்தில் அவரில் தங்கியிருப்போராகக் கணக்கில் வரமாட்டார்கள். உங்கள் பில்லைச் சாதாரண வங்கிக் கணக்கிலிருந்து கட்டட்டும்.