பேரேட்டில் எழுதப்படாத வெளிநாட்டுக் கடன்

ஒரு நாட்டின் நிகழக்கூடிய குறுகிய கால அந்நியச் செலாவணிப் பொறுப்பு என்பது என்ன, அது ஏன் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வாழைத்தார் வியாபாரம் செய்யும் என் மச்சான், பங்காளி ஒருவரின் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருடைய பேரேட்டில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. பங்காளி தவணை தவறினால் அது மச்சான் தலையில் விழும். நாட்டுக்கும் அப்படித்தான். ஓராண்டுக்குள் திருப்பித் தர வேண்டிய டாலர் கடன்களுக்கு அரசு கொடுத்த உத்தரவாதம், பிறருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டு இன்னும் எடுக்கப்படாத கடன் வசதி, ஆப்ஷன் ஒப்பந்தங்கள் (குறித்த விலையில் டாலரை வாங்கவோ விற்கவோ ஒரு தரப்புக்கு உரிமை தருபவை; அவர் விரும்பினால்தான் நடக்கும்) ஆகியவை இதில் சேரும்.

1997இல் தாய்லாந்தின் டாலர் கையிருப்பில் பெரும்பகுதி முன்பேர ஒப்பந்தங்களில் (பின்னொரு நாளில் குறித்த விலைக்கு டாலர் தருவதாக இன்றே செய்யும் ஒப்பந்தங்களில்) சிக்கியிருந்தது வெளியே தெரியாமல் போனது. (கண்டிப்பாகச் சொன்னால் அது நிச்சயமான பொறுப்பு, மறைந்திருந்ததுதான் ஆபத்து.) அந்த ஆண்டின் ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகே, 1999இல், நாடுகள் தம் கையிருப்பைக் காட்டும் பன்னாட்டு நாணய நிதியத்தின் படிவம் இத்தகைய பொறுப்புகளை ஒரு மாதம், மூன்று மாதம், ஓராண்டு எனப் பிரித்துக் காட்டச் சொன்னது.

தொகை ஏறுவதற்குக் கடன் வாங்கவே வேண்டியதில்லை. 2008 அக்டோபரில் தென் கொரியா தன் வங்கிகளின் வெளிநாட்டுக் கடனுக்கு 10,000 கோடி டாலர் வரை உத்தரவாதம் அறிவித்தபோது, ஒரு டாலரும் கைமாறாமலே அரசு அத்தனை பெரிய ஜாமீனுக்கு ஒப்புக்கொண்டது. உத்தரவாதக் காலம் முடிந்தால், அதேபோல் சத்தமில்லாமல் தொகை இறங்கிவிடும்.