பல்கலைக்கழகக் கட்டணம் போடுவது எப்படி? வன்னிக் கேள்விகளுக்குப் பதில்

செட்டிகுளம்: சேர், மகளுக்கு வவுனியாப் பல்கலைக்கழகம் கிடைச்சிருக்கு. வருசத்துக்கு எவ்வளவு கட்டவேணும்?

உள்வாரிப் பட்டத்துக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்குள்ளேயே படிக்கும் முதற்பட்டத்துக்கு, கற்பித்தல் கட்டணம் இல்லை. பதிவு, விடுதி என்று சிறு தொகைகள்தான். மகாபொல உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத் தவறவேண்டாம்.

வவுனியா: துறையில் 30 கிரெடிட் (பாட அலகு) கொண்ட முதுமாணி ஒன்று தொடங்க இருக்கிறோம். கட்டணக் கணக்கை எங்கே தொடங்குவது?

மணித்தியாலத்தில். ஒரு கிரெடிட் விரிவுரைக்கு 15 மணித்தியாலம், 30க்கு 450. வளவாளருக்கு (விரிவுரை செய்பவருக்கு) மணிக்கு 3,000 ரூபா என்று பேச்சுக்கு வைத்தால் 13.5 இலட்சம். இணைப்பாளர் கொடுப்பனவு, வினாத்தாள், விடைத்தாள் திருத்தம், இரண்டாம் பரீட்சகர், அச்சு, கொழும்பிலிருந்து வருபவரின் பயணமும் தங்கலும் சேர்ந்து 6.5 இலட்சம் என்று வையுங்கள். ஆக 20 இலட்சம்.

பல்கலைக்கழகம் வருமானத்தில் 20 வீதம் எடுக்கிறது என்றால், அநேகர் 20உடன் 4ஐக் கூட்டி 24 என்று எழுதிவிடுகிறார்கள். பிழை. 24இன் 20 வீதம் 4.8. கையில் 19.2தான் மிஞ்சும், 80,000 ரூபா குறையும். 20ஐ 0.8ஆல் வகுக்கவேண்டும்: 25 இலட்சம். 25 பேர் என்றால் தலைக்கு ஒரு இலட்சம்.

எந்த 25 பேர்? விண்ணப்பித்தவர்கள் அல்ல, கடைசித் தவணைவரை கட்டுபவர்கள். 16 பேர்தான் நிலைத்தால் வருமானம் 16 இலட்சம். பல்கலைக்கழகத்தின் பங்கு போக 12.8. செலவில் ஒருசில குறைந்தாலும் விரிவுரைக் காசு ஒரு சதமும் குறையாது. ஏழு இலட்சமளவில் துண்டு விழும், வகுப்பை இடையில் நிறுத்தவும் ஏலாது. ஆகக்குறைந்த ஆள்தொகையை விளம்பரத்துக்கு முன்பே எழுத்தில் வையுங்கள். பிறகு மூதவை (கல்வி விடயங்களைப் பார்க்கும் சபை), நிதிக்குழு, பேரவை (பல்கலைக்கழகத்தின் ஆட்சிச் சபை) என்று அனுமதிக்குப் போகவேண்டும். நிதிக்குழுவும் இந்த ஆள்தொகையைக் கேட்கலாம்.

முல்லைத்தீவு: இலவசக் கல்வி எண்டுபோட்டு முதுமாணிக்குக் காசு வாங்கிறது நியாயமோ? வன்னிப் பிள்ளையளுக்கெண்டாலும் பாதியாக்குங்கோ.

பாதியாக்கலாம், மற்றப் பாதியை யார் தருவது என்று முதலில் எழுதுங்கள். மேலே சொன்ன 25 பேரில் ஐந்து பேருக்குப் பாதி என்றால் 2.5 இலட்சம் குறையும். மற்ற 20 பேரும் 1,12,500 கட்டவேண்டும். அவர்களிலும் வன்னிப் பிள்ளைகள் இருப்பார்கள்.

மாங்குளம்: அப்ப கொழும்பு விலையையே இங்கயும் போடலாமே. குறைச்சு வித்தால் பட்டத்துக்கு மதிப்பில்லை எண்டு சனம் சொல்லும்.

முல்லைத்தீவுக்காரர் பாதியாக்கச் சொல்கிறார், நீங்கள் கூட்டச் சொல்கிறீர்கள்! பட்டத்தின் மதிப்பு பரீட்சையிலும் ஆய்விலும் இருக்கிறது, பற்றுச்சீட்டில் இல்லை. கொழும்பு விலை கொழும்பின் ஆள்தொகைக்குப் போட்ட விலை. நூறு பேர் சேரும் இடத்தின் தலைக்கட்டணத்தை 20 பேருக்கு எழுதினால் செலவுக்குக் காணாது, அடுத்த மாணவர் அணியே தொடங்காது.

முல்லைத்தீவு: தோட்டம், வயல் செய்யிற ஆக்கள் எப்பிடிச் சேர் மொத்தமாக் கட்டிறது?

இது நல்ல கேள்வி. கழிவைவிடத் தவணைத் திகதிதான் ஆளைக் காப்பாற்றும். வயற்காரருக்குக் காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகு, பங்குனிக் கடைசியில் ஒரு தவணை. ஆசிரியர்களுக்குச் சம்பள நாளுக்குப் பிறகு ஒரு கிழமை. முதல் தவணையை 40 வீதத்துக்குக் குறைக்கவேண்டாம், இடையில் விலகுவோரின் நட்டம் அதில்தான் அடங்கும். மறுபடியும்: விண்ணப்பத் தொகையால் வகுக்கவேண்டாம்.

நெடுங்கேணி: மகனுக்கு உள்வாரி கிடைச்சிருக்கு, எவ்வளவு கட்டவேணும்?

செட்டிகுளத்துக்குச் சொன்னதேதான்.

கிளிநொச்சி: இசட் புள்ளி, மாவட்டக் கோட்டா?

அது அனுமதி பற்றியது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் இருக்கிறது. இங்கே கட்டணம் மட்டும்.

புதுக்குடியிருப்பு: 120 விண்ணப்பம் வந்திருக்கு, 120ஆல் வகுக்கவோ?

மேலே வாசியுங்கள்.