கேள்வி குறைந்ததா, கேள்வித் தொகை குறைந்ததா?

கேள்வி: வணக்கம் சேர். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு, தமிழ் மொழிமூலம், பொருளியலுக்கு ‘ஏ’ சித்தி. இப்போது பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம், எல்லாம் ஆங்கிலத்தில். நுண்பாகப் பொருளியல் தெரிந்த பாடம்தானே என்று நம்பியிருந்தேன். இடைத்தேர்வில் 100க்கு 38. விரிவுரைக் குறிப்பு முழுவதையும் பாடமாக்கிக்கொண்டுதான் போனேன். சாதாரண தரத்துக்குப் பிறகு கணிதம் படிக்கவும் இல்லை. அரையாண்டுப் பரீட்சைக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. என்ன செய்யலாம்?
– முதலாம் வருட மாணவி, வடமராட்சி

பதில்: பிள்ளை, நோய் எது என்று நீரே எழுதிவிட்டீர்: ‘பாடமாக்கிக்கொண்டுதான் போனேன்.’ ஆங்கிலமும் கணிதமும் இரண்டாம் பட்சம். அவற்றைப் பிறகு பார்ப்போம்.

உயர்தரத்திலும் வரைபடம் உண்டு, கணக்கும் உண்டு. ஆனால் பத்து வருட வினாத்தாளைச் செய்து முடித்தால் வினாக்களின் அச்சு பிடிபட்டுவிடும். ரியூசனில் அதைத்தான் செய்வித்தார்கள், நான் பிழை சொல்லவில்லை. கேள்வி என்று நான் சொல்வது வினாவை அல்ல, எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்பதை. பல்கலைக்கழகத்தில் ‘கேள்வியைத் தீர்மானிக்கும் காரணிகளைத் தருக’ என்று கேட்டுப் புள்ளி போடுவது அருமை. அவை உமக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் வினாத்தாளே தொடங்கும். இரண்டு வரியில் ஒரு செய்தியைத் தந்துவிட்டு, விலைக்கும் தொகைக்கும் என்ன நடக்கும் என்பார்கள். ‘ஏ’ எடுத்த பிள்ளைகள் வழுக்குவதும் அங்கேதான். தெரிந்த பாடம் என்ற துணிவில், கேட்டதை விட்டுவிட்டுப் பாடமாக்கியதை எழுதிவிடுவார்கள்.

ஒன்றைச் செய்து பார்ப்போம். கொப்பியை எடும்.

நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடியேறிவிட்டது. 25 நாள் திருவிழா. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அத்தனை நாளும் மச்சம் இல்லை, மரக்கறிதான். மீன் சந்தையில் என்ன நடக்கும்?

முதலாம் வருடப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் கனபேர் இப்படித்தான் எழுதுவார்கள்: ‘மீனுக்கான கேள்வி குறையும். அதனால் விலை குறையும். விலை குறைந்தால் கேள்வி கூடும். கேள்வி கூடினால் விலை ஏறும்.’ செக்குமாடு மாதிரிச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பார்கள்.

முதலாவது ‘கேள்வி’ வேறு, இரண்டாவது ‘கேள்வி’ வேறு. மச்சம் விட்டதால் குறைந்தது கேள்வி. விலையையும் வாங்கும் தொகையையும் காட்டுகிற கோடு, அந்த வளையியே இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. எந்த விலை சொன்னாலும் முன்னையைவிடக் குறைவாகத்தான் வாங்குவார்கள். விலை இறங்கியதைக் கண்டு, மச்சம் சமைக்கிற வீடுகளில் கொஞ்சம் கூட வாங்குகிறார்களே, அது கேள்வித் தொகை. புதிய வளையியின் மேலேயே ஒரு புள்ளியில் இருந்து இன்னொரு புள்ளிக்கு வருவது, அவ்வளவுதான். அது விலையைத் திரும்ப ஏற்றாது. நிரம்பல் வளையி, அதாவது எந்த விலைக்கு எவ்வளவு விற்க வருவார்கள் என்பதைக் காட்டுகிற கோடு, இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் வழியே கீழே இறங்கிப் புதிய சந்திப்புக்கு வந்தால் விலையும் குறைவு, விற்கும் தொகையும் குறைவு. பதில் முடிந்தது, பேனையை வைக்கலாம்.

இனி, அதே கிழமையில் கடும் காற்று, பாதி வள்ளங்கள் கடலுக்கு இறங்கவில்லை என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுவார்கள். நிரம்பலும் இடப்பக்கம் போகும். தொகை குறைவது நிச்சயம். விலை? கூடலாம், குறையலாம், அப்படியே நிற்கவும் கூடும். எந்த வளையி கூடுதலாக நகர்ந்தது என்பதைப் பொறுத்தது. ‘திட்டமாகச் சொல்ல முடியாது’ என்று எழுத எங்கள் பிள்ளைகளுக்குப் பயம், ஏதோ படிக்காமல் வந்ததை ஒப்புக்கொள்வது போல. அதுதான் சரியான விடை. ஏன் சொல்ல முடியாது என்பதை இரண்டு வரைபடம் கீறிக் காட்டினால் புள்ளி குறைக்க வழியே இல்லை.

கூர்மையான பிள்ளை ஒன்று இன்னும் ஒரு படி போகும். பாசையூரில் கரைக்கு வந்து ஏலம் போகிற மீனை வைத்து வைத்து விற்க முடியாது. ஆகவே அன்றைய நாளுக்கு நிரம்பல் வளையி கிட்டத்தட்ட நிமிர்ந்தே நிற்கும், கேள்வி குறைந்தால் விழுவது முழுக்க விலைதான் என்று எழுதும். கட்டுக்கட்டாய் விடைத்தாள் திருத்துகிற நேரத்தில் இப்படி ஒன்று வந்தால் தேத்தண்ணி குடிக்காமலே களை போகும்.

மொழிக்கு வருவோம். தமிழில் படித்த கலைச்சொற்களை எறிந்துவிட வேண்டாம், அவைதான் உமது முதல். கொப்பியின் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, விரிவுரையில் வந்த சொல்லை இந்தப் பக்கமும் உமக்குத் தெரிந்த சொல்லை அந்தப் பக்கமும் எழுதும். டிமாண்ட் என்றால் கேள்வி, குவான்டிற்றி டிமாண்டட் என்றால் கேள்வித் தொகை, மார்ஜினல் கொஸ்ற் என்றால் எல்லைச் செலவு (இன்னும் ஒன்றைச் செய்ய ஆகிற மேலதிகச் செலவு), ஒப்பர்ச்சூனிற்றி கொஸ்ற் என்றால் அமையச் செலவு (ஒன்றுக்காகக் கைவிட்ட அடுத்த சிறந்த வாய்ப்பின் பெறுமதி). பாடம் தெரிந்த பிள்ளைக்கு இந்தச் சொற்கள் இரண்டு மூன்று கிழமையில் வாய்க்குள் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. யூரியூப்பில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் நல்ல விளக்கங்கள் நிறைய உண்டு, பாரும். ஆனால் அவர்கள் ‘தேவை’ என்பது எங்கள் ‘கேள்வி’. எங்கள் பாடநூலில் தேவை என்றால் உணவு, உடை, உறையுள் என்கிற அடிப்படைத் தேவை. அவர்களுடைய ‘அளிப்பு’ எங்களுக்கு நிரம்பல், ‘இறுதிநிலை’ எங்களுக்கு எல்லை, ‘முற்றுரிமை’ எங்களுக்குத் தனியுரிமை. இதை அறியாமல் இரண்டையும் கலந்து குழம்பின பிள்ளைகள் உண்டு.

கணிதத்துக்குப் பெரிதாகப் பயப்பட ஒன்றும் இல்லை. சாதாரண தரத்தில் செய்த நேர்கோட்டு வரைபு, ஒருங்கமை சமன்பாடு, சதவீதம் மூன்றும் கையில் இருந்தால் இந்த அரையாண்டின் பெரும்பகுதியை ஓட்டலாம். வகையீடு வந்தால், அடுக்கை முன்னால் கொண்டுவந்து அடுக்கில் ஒன்றைக் குறைக்கிற அந்த ஒரு விதியை, கணிதப் பிரிவில் படித்த சிநேகிதி ஒருத்தியைப் பிடித்து ஒரு பின்னேரம் பழகிவிடும்.

இதில் ஒரு கோணல் மட்டும் இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கணித வகுப்பில் எது மற்றதை மாற்றுகிறதோ அது கிடை அச்சில். கேள்விச் சார்பில் மாற்றுவது விலை, ஆனால் நாங்கள் அதை நிலைக்குத்து அச்சில் வைக்கிறோம். பிரெஞ்சுப் பொருளியலாளர் கூர்னோ 1838 இல் கேள்வி வளையியைக் கீறியபோது விலையைக் கிடை அச்சில்தான் வைத்தார். பிறகு வந்த ஆங்கிலப் பொருளியலாளர் அல்பிரட் மார்ஷல் மாற்றி வைத்தார், உலகம் அவர் பின்னால் போய்விட்டது. நட்டம் எங்களுக்கு: சமன்பாட்டில் இருக்கிற சரிவும் படத்தில் தெரிகிற சரிவும் ஒன்றுக்கொன்று தலைகீழ்.

எண் வைத்துப் பார்த்தால் விளங்கும். எண்கள் என் கற்பனை. ஒரு சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கு ஒரு நாளைய கேள்வித் தொகை, 600 இலிருந்து விலையின் இரண்டு மடங்கைக் கழித்தால் வருவது. சமன்பாட்டில் சரிவு மறை 2 (–2). படத்தில் கீறினால் விலை அச்சை 300 இலும் தொகை அச்சை 600 இலும் வெட்டும், சரிவு மறை அரை.

பழம் 100 ரூபாய் என்றால் 400 பழம் போகும், வருமானம் 40,000. 150 ரூபாய் என்றால் 300 பழம், 45,000. 200 ரூபாய் என்றால் 200 பழம், திரும்பவும் 40,000. விலையை ஏற்றினால் வருமானம் ஏறுமா இறங்குமா என்ற வினாவுக்கு ஒரே கோட்டில் இரண்டு பதிலும் இருக்கின்றன. ஏன் என்றால், 100 இலிருந்து 110 ஆக்கும்போது விலை 10 சதவீதம் கூட, தொகை 400 இலிருந்து 380 ஆக 5 சதவீதம்தான் குறைகிறது. தொகையின் சதவீத மாற்றத்தை விலையின் சதவீத மாற்றத்தால் வகுத்தால் வருவது நெகிழ்ச்சி, இங்கே 0.5. 200 இலிருந்து 220 ஆக்கினால் அதே 10 சதவீதத்துக்குத் தொகை 200 இலிருந்து 160 ஆக 20 சதவீதம் விழுகிறது, நெகிழ்ச்சி 2. சரிவு எங்கும் ஒன்றுதான், நெகிழ்ச்சி ஒவ்வொரு புள்ளியிலும் வேறு. ‘இந்தக் கோடு நெகிழ்ச்சியற்றது’ என்று முழுக் கோட்டுக்கும் சேர்த்து எழுதினீரென்றால் அங்கே புள்ளி போயிருக்கும். உமது விடைத்தாளில் இது இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

இது பிடிபட்டால், சின்ன வெங்காயம் அமோகமாக விளைந்த வருடத்தில் தோட்டக்காரர் ஏன் தலையில் கைவைக்கிறார் என்பதும் பிடிபடும். வெங்காயம் மலிந்தது என்று யாரும் சம்பலுக்கு இரண்டு மடங்கு போடுவதில்லை. கேள்வி நெகிழ்ச்சி குறைவு. நிரம்பல் கொஞ்சம் கூடினாலே விலை பெரிதாக விழும், எல்லாருடைய வருமானமும் சேர்ந்து இறங்கும். அதற்காக ஒருவர் மட்டும் குறைவாக நட்டால் விலை அசையாது, அவருக்குத்தான் நட்டம். பூரண போட்டி அத்தியாயத்தில் ‘விலை ஏற்போர்’ என்று நீர் பாடமாக்கினது இதைத்தான்.

கட்டுப்பாட்டு விலைக்குப் பாடநூலில் வீட்டு வாடகையைக் காட்டுவார்கள், எங்கள் ஊரில் அது ஒட்டாது. உமக்கு 2022 ஞாபகம் இருக்கும். டொலர் இல்லை, எரிபொருள் வரத்துக் குறைந்தது, பம்பில் எழுதியிருந்த விலை அந்த வரத்துக்குரிய சமநிலை விலையைவிட, அதாவது கேள்வியும் நிரம்பலும் சந்திக்கிற விலையைவிடக் கீழே. இடைவெளியை வரிசை நிரப்பியது, பிறகு கியூஆர் பங்கீடு வந்தது. வரிசையில் நின்றவர் கட்டியது பம்பில் இருந்த விலை மட்டுமல்ல. ஓட்டோ ஓடுகிறவருக்கு அன்றைய உழைப்பும் போனது. அமையச் செலவுக்கு இதைவிட வேறு உதாரணம் தேட வேண்டாம். எங்கள் தலைமுறைக்குத் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளும் ஜாம் போத்தல் விளக்கும்தான் எனக்குப் பிரதியீட்டை, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் பாவிப்பதை, படிப்பித்தன. போத்தலுக்குள் கொஞ்சமாய் எண்ணெய், திரியும் சின்னது. அந்த வெளிச்சத்தில்தான் நாங்கள் நெகிழ்ச்சி படித்தோம்.

சரி, ஏழு கிழமை. முதலில் அந்த 38 எடுத்த வினாத்தாளை, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நேரம் பார்த்துத் திரும்பச் செய்யும். பிறகு விரிவுரையாளரிடம் போய் எங்கே புள்ளி போனது என்று கேளும். ‘ஏன் குறைத்தீர்கள்’ என்று போகாமல், திரும்பச் செய்த விடையைக் கையில் கொண்டுபோய் ‘இது சரியா’ என்று கேட்டால் நேரம் தராத விரிவுரையாளரை நான் அதிகம் கண்டதில்லை.

குறிப்பை வாசிப்பதை நிற்பாட்டும். ஒவ்வொரு நாளும் வெள்ளைத் தாளில் இரண்டு வரைபடம், பார்க்காமல். அச்சுக்குப் பெயர், வளையிக்குப் பெயர், பழைய சமநிலை, புதிய சமநிலை, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அம்புக்குறி. பக்கத்தில் இரண்டு வசனம் ஆங்கிலத்தில். பெரிய ஆங்கிலம் வேண்டாம். எது மாறியது, எந்த வளையி, எந்தப் பக்கம், முடிவு என்ன, அது போதும். பயிற்சிக் கணக்குகளை விடை வருமுன்னர் செய்யும். விடையைப் பார்த்துக்கொண்டு ‘ஓம், விளங்குது’ என்று தலையாட்டுவது படிப்பில் சேராது.

குப்பிக்கு, அதாவது மாணவர்களே மாணவர்களுக்கு வைக்கிற வகுப்புக்கு, போகலாம். சீனியர் தரும் குப்பி பரீட்சைக்கு முதல் நாள் பதற்றத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். உண்மையில் பலன் வேண்டுமென்றால் உமது பட்சில் நாலு பேரைச் சேர்த்து நீர் குப்பி வையும். நெகிழ்ச்சியை மற்றவைக்கு விளங்கப்படுத்தும்போது எங்கே வாய் திக்குகிறதோ அங்கே உமக்கு விளங்கவில்லை.

இரண்டாம் பாதியில் வருகிற சமநோக்கு வளையியும் (ஒரே அளவு திருப்தி தருகிற பண்டச் சேர்க்கைகளைக் காட்டுகிற கோடு) செலவு வளையிகளும் முதல் பாதியின் மேலேதான் நிற்கின்றன. எல்லைச் செலவு ஏன் சராசரிச் செலவை அதன் அடிப்புள்ளியில் வெட்டுகிறது என்று யாராவது விளங்காத மாதிரிச் சொன்னால் உமது சராசரிப் புள்ளியை நினையும்: அடுத்த பாடத்துக்கு வருகிற புள்ளி சராசரிக்குக் கீழே என்றால் சராசரி இறங்கும், மேலே என்றால் ஏறும்.

கடைசியாக ஒரு பயிற்சி. எங்கள் சந்தைகளில் மரக்கறி கொண்டுபோகிற விவசாயிகள் பல காலமாக முறைப்படுகிற விசயம் கழிவு: 100 கிலோ கொடுத்தால் 10 கிலோவைக் கழித்து 90க்குத்தான் காசு. நாளைக்கே கழிவை நிற்பாட்டினால் விவசாயிக்கு அந்த 10 கிலோவின் காசும் முழுதாகக் கூடக் கிடைக்குமா? முழு 100 கிலோவுக்கும் காசு கொடுக்க வேண்டும் என்றால் வியாபாரி கிலோவுக்குச் சொல்லும் விலை அப்படியே நிற்குமா? சந்தையில் வாங்குகிறவர்கள் நாலு பேர் என்றால் ஒரு விடை, நாற்பது பேர் என்றால் இன்னொரு விடையா? விடையை எழுதி அனுப்பும், வரைபடத்தோடு.