பொதுமக்களைப் பங்கேற்க வைக்கும் நிகழ்த்துகலை எதையாவது காட்டுகிறதா, வெறும் வேடிக்கையா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், எங்கோ ஒரு நிகழ்வில் உங்கள் சம்மதம் கேட்காமலே உங்களை உள்ளே இழுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நான் இழுத்த பக்கத்தில் இருந்தவன்.

இந்தப் பேச்சு வந்தாலே செர்பிய நிகழ்த்துகலைஞர் மரீனா அப்ரமோவிச் 1974இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நிகழ்த்திய 'ரிதம் 0' நினைவுகூரப்படும். ரோஜா முதல் துப்பாக்கி வரை 72 பொருள்களைப் பரப்பி, அவற்றைத் தன்மீது விருப்பம்போலப் பயன்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டு, 6 மணி நேரம் எதிர்ப்புக் காட்டாமல் நின்றார். அவருடைய ஆடையை வெட்டினார்கள், துப்பாக்கியை அவர் மீதே குறிவைக்கும் அளவுக்கும் போனார்கள். அதைப் படிக்கிற எவரும் தம்மை அந்தக் கூட்டத்தில் ஒருவராக எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணியதில்லை.

நண்பர் ஒருவர் வடிவமைத்த நிகழ்வுக்காக ஒரு பொதுக் கட்டடத்தின் வாசலில் (அனுமதி பெற்றுத்தான், இதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்) மேசை போட்டு, பதிவேட்டை விரித்து உட்கார்ந்தேன். பெயர், நேரம், கையொப்பம் என்று மூன்று கட்டங்கள். காரணம் எங்கும் எழுதப்படவில்லை. யாரேனும் கேட்டால் 'கட்டாயமில்லை' என்று உடனே சொல்லிவிட வேண்டும் என்பதே எனக்கிருந்த ஒரே விதி. முதல் ஒரு மணி நேரம் எவரும் கேட்கவில்லை. வரிசையில் நின்று கையெழுத்திட்டார்கள், பேனா எழுதாததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டவர்களும் உண்டு. ஆனால் எனக்கு இன்றும் உறுத்துவது அவர்களுடைய பணிவன்று. கட்டத்தைத் தாண்டிக் கையெழுத்திட்ட ஒரு பெரியவரிடம், 'ஒழுங்காகப் போடக் கூடாதா?' என்று சிடுசிடுத்தேன். பிறகு ஒரு பெண் 'இது எதற்கு?' என்று கேட்டபோது, இருந்த ஒரு விதியையும் மறந்து, 'எல்லோரும் போடுகிறார்களே' என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்திடாமல் உள்ளே போனார். எனக்குக் கோபம் வந்தது.

நடிப்புத்தானே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அந்த வசனத்தை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை.

பிரேசில் நாட்டு நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் உருவாக்கிய 'மன்ற அரங்கு' என்னும் நாடக முறையில், பார்வையாளர் நாடகத்தை இடையில் நிறுத்தி, ஒடுக்கப்படும் பாத்திரத்தின் இடத்தில் தாமே நின்று வேறொரு வழியை நடித்துப் பார்க்கலாம். எங்களிடம் வந்தவர்களுக்கு, நடப்பது ஒரு நிகழ்வு என்பதே தெரியாது; ஆகவே அதைப் பங்கேற்பு என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வருவதில்லை.

சில மாதங்கள் கழித்து அந்தப் பதிவேடு கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைக்கப்பட்டது. வடிவமைத்தவர் பெயர் பெரிதாக இருந்தது. கையெழுத்திட்டவர்களுக்கோ, நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த எனக்கோ ஒரு வரி நன்றிகூட இல்லை. அந்த எரிச்சலோடு வெளியே வந்தபோதுதான், நுழையும்போது வாசலில் இருந்த வருகைப் பதிவேட்டில் நானும் கையெழுத்திட்டிருந்தது உறைத்தது. எதற்கென்று கேட்கவில்லை, கட்டத்துக்குள்ளேயே போட்டிருந்தேன்.