கேட்டதும் சொன்னதும்: ஃப்ரிட்ஜ் கதவில் இருபது பேர்

*ஒரத்தநாடு வாசகர்: அமெரிக்காவில் அதிபர் வேட்பாளர் ஆவதற்கு ஒரே கட்சியில் இருபது பேருக்கு மேல் கிளம்புகிறார்கள். அப்புறம் ஒவ்வொருவராக உதிர்கிறார்கள். யார் முதலில் விலகுவார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?*

முடியும் என்று நம்பித்தான் 2019-ல் மாப்பிள்ளையிடம் மூக்குடைபட்டேன். அப்போது நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். ஜனநாயகக் கட்சியின் முதல் விவாதம் மயாமியில், ஜூன் 26, 27 என்று இரண்டு இரவு. இரவுக்குப் பத்துப் பேர். மேடையில் இடம் கிடைக்காதவர்கள் வேறு. மறுநாள் காலை நானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு தாளில் இருபது பெயரையும் விலகும் வரிசைப்படி எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினோம். தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் தேய்க்க வேண்டும். (டிஷ்வாஷர் இருந்தது. பல தமிழ் வீடுகளைப் போல அதில் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.)

முதலில் மூட்டை கட்டுபவர் என்று நான் எழுதியது மரியான் வில்லியம்சனை. ஆன்மிகப் புத்தகங்கள் எழுதுகிறவர். டிரம்பை அன்பால் ஜெயிப்பேன் என்றார், நாங்கள் சிரித்தோம். அந்த அம்மாள் 2020 ஜனவரி 10 வரை நின்றார். அதற்குள் ஆளுநர்கள், செனட்டர்கள், நியூயார்க் மேயர் என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

யாருக்கு ஓட்டு விழாது என்று கணக்குப் போட்டிருந்தேன். யாருக்குத் திரும்பிப் போக நாற்காலி இருக்கிறது என்று பார்த்திருந்தால் பிழைத்திருப்பேன். மயாமி மேடையிலிருந்து முதலில் போனவர் எரிக் ஸ்வால்வெல். பைடனைப் பார்த்து, 'தீபத்தை அடுத்த தலைமுறையிடம் கொடுங்கள்' என்று முழங்கியவர், பதினோராவது நாளே விலகி, தன் நாடாளுமன்றத் தொகுதியைக் காப்பாற்றிக்கொள்ளப் போய்விட்டார். கொலராடோவின் முன்னாள் ஆளுநர் ஹிக்கன்லூப்பர் ஆகஸ்டில் விலகி, ஒரே வாரத்தில் அந்த மாநிலத்தின் செனட் தேர்தலுக்குத் தாவினார், ஜெயிக்கவும் செய்தார். வாஷிங்டன் மாநில ஆளுநர் ஜே இன்ஸ்லீ விலகிய மறுநாளே மூன்றாம் முறை ஆளுநராக நிற்கப்போவதாகச் சொன்னார். நாற்காலியே இல்லாத மரியானுக்கு என்ன அவசரம்?

இதைவிடப் பெரிய சறுக்கல் தாளின் கடைசி வரியில். இறுதிவரை நிற்பவர் என்று கமலா ஹாரிஸை எழுதியிருந்தேன். இரண்டாம் இரவு அவர் பைடனைப் பிடித்த பிடி அப்படி. "மாமா, இது கணிப்பு இல்லை, மன்னார்குடிப் பாசம்" என்றார் மாப்பிள்ளை. கமலாவின் தாத்தா ஊரான துளசேந்திரபுரம் மன்னார்குடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. என் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

முப்பத்தொரு வருடம் வங்கியில் அடுத்தவர் வரவு செலவைக் கிளறியவன், கமலாவின் பிரசாரக் கணக்கை மட்டும் பார்க்கவில்லை. வேட்பாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது தேர்தல் ஆணையத்தில் கணக்குக் கொடுக்க வேண்டும்; யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை அவருக்குச் செலவு வரவைத் தாண்டியிருந்தது. அக்டோபர் கடைசியில் பால்டிமோர் தலைமை அலுவலகத்தில் ஆள்குறைப்பு. கடன் கேட்டு வரும் கடைக்காரரிடம் இந்த இரண்டையும் பார்த்திருந்தால் ஃபைலை அப்போதே மூடியிருப்பேன். டிசம்பர் 3-ம் தேதி, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அயோவா மாநிலத்தில் முதல் ஓட்டு விழ இரண்டு மாதம் இருக்கும்போதே, அவர் விலகினார். தான் கோடீஸ்வரர் இல்லை, சொந்தப் பணத்தில் பிரசாரம் நடத்த முடியாது என்று எழுதினார். நான் ஊருக்குத் திரும்பியிருந்தேன். 'பாத்திரம் அப்படியே இருக்கிறது மாமா' என்று வாட்ஸ்அப் வந்தது.

*சிதம்பரம் வாசகி: நம் ஊரில் வாபஸ் வாங்கக் கடைசி நாள் என்று ஒன்று உண்டு. அங்கே?*

எல்லோருக்கும் பொதுவாக ஒரே நாள் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் பிரைமரி (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு) தேதியும் வேறு, வாக்குச்சீட்டிலிருந்து பெயரை எடுக்கும் தேதியும் வேறு. அதில் நான் முதலில் பார்ப்பது சொந்த மாநிலத்தின் தேதியை. வெளியூரில் தோற்றால் துடைத்துக்கொண்டு போகலாம், சொந்த ஊரில் தோற்றால் எப்படித் தலை காட்டுவது? 2015-ல் குடியரசுக் கட்சியின் லிண்ட்சி கிரகாம் டிசம்பர் 21 அன்று விலகினார். அவருடைய தென் கரோலினாவில் சீட்டிலிருந்து பெயரை எடுத்துக்கொள்ள அன்றுதான் கடைசி நாள். மார்கோ ரூபியோ அப்படிச் செய்யவில்லை. 2016 மார்ச் 15 அன்று சொந்த ஃப்ளோரிடாவில் டிரம்பிடம் தோற்று, அன்று இரவே விலகினார். ஜனநாயகக் கட்சியின் எலிசபெத் வாரனுக்கு 2020-ல் சொந்த மாசசூசெட்ஸிலேயே மூன்றாவது இடம். இரண்டு நாளில் முடித்துக்கொண்டார்.

ஏமி க்ளோபுச்சார் விவரமானவர். மார்ச் 3 அன்று அவருடைய மினசோட்டா உட்பட 14 மாநிலங்களில் ஓட்டு. ஓட்டுக்கு முதல் நாளே விலகி, டல்லாஸ் போய் பைடனுக்கு ஆதரவு சொன்னார். அதற்கு முந்தின நாள் விலகியிருந்த பீட் புட்டிஜெஜும் அன்று அங்கேதான். அந்த 14-ல் பைடன் 10 மாநிலங்களை வென்றார். மினசோட்டாவும் அதில் அடக்கம். பாவம், கலிஃபோர்னியாவில் முன்கூட்டியே தபாலில் அவர்கள் இருவருக்கும் ஓட்டுப் போட்டவர்கள். சீட்டில் பெயர் இருந்தது, களத்தில் ஆள் இல்லை.

*பட்டுக்கோட்டை வாசகர்: கையில் பணம் இருந்தால் விலகவே வேண்டாமா? ஓட்டுக்குப் பணம் அங்கேயும் உண்டா?*

பெரும் கோடீஸ்வரர் மைக்கேல் ப்ளூம்பெர்க் 2020-ல் ஐம்பது கோடி டாலருக்கு மேல் கொட்டினார். மார்ச் 3 அன்று அவர் வென்றது அமெரிக்கன் சமோவா என்ற தீவுப் பகுதியை மட்டும். மறுநாள் விலகல்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பது அங்கேயும் குற்றம்தான். ஆனால் நன்கொடைக்குப் பணம் கொடுத்த கதை ஒன்று உண்டு. 2023-ல் குடியரசுக் கட்சியின் முதல் விவாத மேடையில் ஏற வேண்டுமானால் குறைந்தது 40,000 பேரிடம் நன்கொடை வாங்கியிருக்க வேண்டும். தொகை எவ்வளவு சிறியதானாலும் சரி. வடக்கு டகோட்டா ஆளுநர் டக் பர்கம் பெரிய பணக்காரர், அறிந்தவர்கள் குறைவு. ஒரு டாலர் நன்கொடை கொடுத்தால் இருபது டாலர் பரிசு அட்டை என்று அறிவித்தார். ஆட்கள் சேர்ந்தார்கள், மேடை கிடைத்தது, ஆதரவுதான் ஏறவில்லை. டிசம்பரில் விலகினார். பிறகு டிரம்ப் ஆட்சியில் உள்துறைச் செயலர் ஆனார். நம் ஊர் உள்துறை மாதிரி போலீஸ் கையில் இருக்காது. அரசு நிலங்களையும் தேசியப் பூங்காக்களையும் பார்க்கும் துறை அது.

*நாகப்பட்டினம் வாசகர்: விலகுகிறேன் என்று சொல்லாமல் 'பிரசாரத்தை நிறுத்தி வைக்கிறேன்' என்கிறார்களே, திரும்பி வருவார்களா?*

பெரும்பாலும் வர மாட்டார்கள். வாங்கிய கடனை அடைக்க வசூலைத் தொடர வேண்டும், கட்சி மாநாட்டில் தமக்கு ஓட்டுப் போட ஜெயித்த பிரதிநிதிகளைக் கையில் வைத்திருக்க வேண்டும். கடையைக் காலி செய்கிறவர் 'தற்காலிக விடுமுறை' என்று போர்டு மாட்டுவது மாதிரி.

*அதே ஒரத்தநாடு வாசகர் (இன்னொரு அஞ்சலட்டையில்): 2028-க்குப் பட்டியல் தயாரா?*

தாள் தயார், பெயர்கள் வரட்டும். இந்த முறை ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சொந்த மாநிலத்துப் பிரைமரி தேதிக்கும் கையிருப்புப் பணத்துக்கும் கட்டம் போட்டிருக்கிறேன். பேத்தியும் ஒரு தாள் ஒட்டுகிறாள். மன்னார்குடி பக்கத்து ரத்தம் யாராவது களத்தில் இருந்தால், அந்தப் பெயருக்கு இடம் போடும் பொறுப்பு அவளுக்கு, எனக்கு இல்லை. இது மாப்பிள்ளை போட்ட நிபந்தனை.