பித்தப்பைக் கல்: கல்லை மட்டும் எடுத்தால் போதாதா?

இரண்டு மாதத்தில் மூன்று முறை அம்மாவுக்கு வலி வந்துவிட்டது, கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பித்தப்பையை விட்டுவைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கல் உருவாகும் இடமே அந்தப் பைதான். விட்டுவைத்தால் மறுபடி சேரலாம். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பை அதைச் சேமித்துச் செறிவாக்குகிறது, அவ்வளவுதான். பையை எடுத்த பிறகு பித்தநீர் நேராகக் குடலுக்குப் போகும், செரிமானம் நடக்கும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகிப் போகலாம். வலியே தராத கல் என்றால் பெரும்பாலும் காத்திருக்கலாம். அம்மாவின் நிலை அதுவல்ல. பெரும்பாலானோருக்கு லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் கேமரா செலுத்திச் செய்யும் அறுவையில், சிறு துளைகள் வழியாகவே பையை எடுத்துவிடுகிறார்கள். அப்புறம், காய்ச்சல் வந்தாலோ கண் மஞ்சளானாலோ அறுவை தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். கல் நழுவிப் பித்தநாளத்தை அடைத்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.