எறும்புப் புற்றில் வாழும் ஸ்காரப் வண்டுகள்: கேள்வி – பதில்

எறும்புப் புற்றைக் கிளறியபோது, உணர்கொம்பு பட்டையாகத் தடித்திருந்த ஒரு பழுப்பு வண்டு கிடைத்தது. எறும்புகளோடு இருந்ததால் அது ஸ்காரப்தானே?

இல்லை. உங்கள் விவரிப்பு பெரும்பாலும் பவுசஸ் வண்டுக்குப் பொருந்துகிறது; அது தரைவண்டுகளின் குடும்பமான காரபிடேயைச் சேர்ந்தது. சாணவண்டு, பூவண்டு போன்றவை அடங்கிய ஸ்காரப் குடும்பத்து வண்டின் உணர்கொம்பு நுனியில், விசிறி மடிப்பைப் போல விரித்து மூடக்கூடிய தகடுகள் இருக்கும். முதலில் உணர்கொம்பைப் பாருங்கள், வாழிடத்தைப் பிறகு பாருங்கள் என்று எத்தனையோ முறை எழுதிவிட்டேன்.

எறும்புகளோடு வாழும் ஸ்காரப் வண்டுகளை எல்லாம் ஒரே துணைக்குடும்பமாக வைக்க முடியாதா?

முடியாது. ஸ்காரபேயிடே குடும்பத்தில் ஏறத்தாழ 30,000 சிற்றினங்கள் உள்ளன. எறும்போடு வாழும் பழக்கம் அதன் பல கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. பேரினங்களை எடுத்துக்கொண்டால், கிரெமாஸ்டோகைலஸ் பூவண்டுகளான செட்டோனினே துணைக்குடும்பத்திலும், மார்ட்டினெசியானா சிறு சாணவண்டுகளான அஃபோடினேயிலும், மெகாபோனெரோஃபிலஸ் சாணவண்டுகளான ஸ்காரபேயினேயிலும் அடங்கும். முன்மார்பின் மூலைகளில் தென்படும் மயிர்க்கற்றைகளைக் காட்டி உறவு கொண்டாடுபவர்கள், அத்தகைய கற்றைகள் பவுசஸிலும் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். புற்று வாழ்க்கை வெவ்வேறு குலத்து உடல்களை ஒரே சாயலுக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவே வாயுறுப்புகள், ஆண் இனப்பெருக்க உறுப்பு, புழுவின் அமைப்பு, மரபணு வரிசை ஆகியவற்றைக் கொண்டே இடம் தீர்மானிக்க வேண்டும்.

‘சிம்ஃபைல்’ என்பது வகைப்பாட்டுப் பெயரா?

அன்று. எறும்புகளோடு வாழும் பூச்சிகளை ஆராய்ந்த எரிக் வாஸ்மன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், எறும்புகள் பேணும் விருந்தாளி, எறும்புகள் பொருட்படுத்தாத குடியிருப்பாளர், விரட்டப்படும் கொள்ளையர் என்று நடத்தையை வைத்துப் பிரித்ததில் முதற்பிரிவின் பெயர் அது.

நெருப்பெறும்புகள் தம் புற்றுக்குள் நுழையும் வண்டை ஏன் கொல்வதில்லை?

முதலில் தாக்கத்தான் செய்கின்றன. நெருப்பெறும்புப் புற்றில் வாழும் மார்ட்டினெசியானா கால்களை ஒடுக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அதன் கடினமான மேலோட்டில் எறும்பின் கடி எளிதில் ஏறாது. சில நாட்களில் புற்றின் மணத்தைத் தரும் ஹைட்ரோகார்பன்கள் அதன் தோலிலும் படிந்துவிடும். வண்டைத் தனியே பிரித்து வைத்தால் அந்த மணம் குறைந்துபோவதும், வேறு நெருப்பெறும்பினத்தோடு சேர்த்தால் புதிய மணம் ஏறுவதும் 1982இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டன.

எறும்புகள் ஒரு வண்டை இழுத்துச் செல்லும் படத்தை அனுப்பியுள்ளேன். எந்த எறும்பு என்று தெரியாது, எடுத்த இடமும் நினைவில் இல்லை. இது எறும்போடு வாழும் புதிய சிற்றினமா?

இந்த மாதம் மட்டும் இதே கேள்வி நான்கு முறை வந்துவிட்டது. இழுத்துச் செல்லப்படும் வண்டெல்லாம் விருந்தாளி ஆகிவிடாது. செத்த வண்டை உணவாக இழுத்துப் போவது எறும்பின் அன்றாட வேலை. கிரெமாஸ்டோகைலஸ் உயிரோடு இழுக்கப்படுவது உண்மைதான். புற்றுவாயில் அருகே அது செத்ததுபோல் கிடக்க, எறும்புகளே உள்ளே கொண்டுபோகின்றன. அங்கே அது எறும்புப் புழுக்களைத் துளைத்து உறிஞ்சுகிறது. ஆனால் உங்கள் படத்தில் கால்கள் ஒடுங்கியிருக்கின்றனவா, முறிந்திருக்கின்றனவா என்றே தெரியவில்லை.

இந்த அலட்சியத்தின் விலையை நான் நேரில் அறிவேன். ஒரு சேகரிப்பில் ஊசி குத்திய அழகான ஆண் வண்டு ஒன்றைப் பார்த்தேன். அதன் சீட்டில் ‘எறும்புப் புற்று’ என்ற இரண்டே சொற்கள் இருந்தன. ஊரும் இல்லை, தேதியும் இல்லை, எறும்பும் இல்லை. அந்த வண்டை வைத்து அதன் வாழ்க்கையைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியவில்லை. இப்படி ஒற்றைச் சான்றிலிருந்து எழுதப்பட்ட விருந்தோம்பிப் பெயர்கள், அதாவது வண்டுக்கு இடம்தரும் எறும்பின் பெயர்கள், சரிபார்க்கப்படாமலே ஒரு பட்டியலிலிருந்து அடுத்த பட்டியலுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

வண்டு கிடைத்த புற்றிலிருந்து ஐந்தாறு எறும்புகளையாவது எடுத்து, அதே குப்பியில் ஆல்கஹாலில் போடுங்கள். சிறிய வேலைக்காரியோடு பெருந்தலை எறும்பும் இருந்தால் அதையும் சேருங்கள். வண்டு புழுக்களிடையே இருந்ததா, குப்பையறையில் இருந்ததா, புற்றுவாயில் இருந்ததா என்பதை அன்றே எழுதிவையுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: எறும்பு இல்லாத எறும்புவண்டுச் சேகரிப்பு பாதிச் சேகரிப்பு.

குன்றுபோல் உயர்ந்த காட்டெறும்புப் புற்றில் முதுகால் ஊரும் வெள்ளைப் புழு எது?

பூவண்டின் புழு. ஃபார்மிகா எறும்புகளின் குன்றுகளில் ப்ரொடேஷியா புழுக்கள் மட்கிய இலைதழையைத் தின்று வளரும்.

பழைய கட்டுரைகளில் வரும் மிர்மெகாஃபோடியஸ் எக்ஸ்கவாட்டிகோலிஸும் மார்ட்டினெசியானாவும் ஒன்றா?

அமெரிக்க நெருப்பெறும்புப் புற்றுகளைப் பற்றிய ஆய்வுகளில் அப்பெயரில் வரும் வண்டு இன்று மார்ட்டினெசியானா டூட்டெர்ட்ரி எனப்படுகிறது. மேற்கோள் காட்டும்போது இரண்டு பெயர்களையும் எழுதுங்கள்.